எதிராளியின் சொல்லைக் காத்தவர்

கிறிஸ்தவ நம்பிக்கையை இழித்துப் பேசுகிறவருக்கு எப்படிப் பதில் சொல்வது? இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ 1,800 வயது.

கி.பி. 178 வாக்கில் செல்சுஸ் என்ற கிரேக்கச் சிந்தனையாளர் கிறிஸ்தவத்தைத் தாக்கி ஒரு நூல் எழுதினார். கம்பளி வேலை செய்பவரும் செருப்புத் தைப்பவரும் துணி வெளுப்பவரும், வீட்டுப் பெரியவர்கள் இல்லாத நேரம் பார்த்துப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் போதிக்கிற மதம் இது என்பது அவருடைய ஏளனங்களில் ஒன்று. அவர் வாதங்களில் கூர்மை உண்டு. ஆனால், உழைப்பாளியின் வாயிலிருந்து உண்மை வராது என்று முன்பே முடிவுகட்டிவிட்டவரிடம் என்ன பேசுவது?

கிறிஸ்தவ அறிஞர் ஓரிஜன் பேசினார். சுமார் 70 ஆண்டுகள் கழித்து, நண்பர் அம்புரோஸ் வற்புறுத்தியதால் 8 பகுதிகளாக மறுப்பு எழுதினார். பொய்ச்சாட்சிகள் முன் இயேசு மௌனமாக இருந்தாரே என்ற தயக்கத்தோடுதான் முன்னுரையே தொடங்குகிறது. உறுதியான விசுவாசிகளுக்காக அல்ல, விசுவாசத்தை அறியாதவர்களுக்காகவும் அதில் தடுமாறுகிறவர்களுக்காகவும் எழுதுவதாக அங்கேயே சொல்கிறார். இன்று விவாதத்தில் இறங்கும் விசுவாசிகள் பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். மூடிய மனத்தோடு மல்லுக்கட்டும் வேகத்தில், பக்கத்தில் நின்று அமைதியாகக் கேட்டுக்கொண்டிருப்பவரை மறந்துவிடுகிறார்கள். அந்த ஒருவருக்காகவாவது குரல் தணிய வேண்டும்.

ஓரிஜனிடம் இன்னொரு நேர்மையும் இருந்தது. செல்சுஸின் வார்த்தைகளை நீளநீளமாக எடுத்துக்காட்டி, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். செல்சுஸின் நூல் பிற்பாடு அழிந்துபோனது. அதன் பெரும்பகுதி இன்று கிடைப்பது ஓரிஜனின் மறுப்புக்குள்தான்.