வேடமும் வேண்டுதலும்

பள்ளி ஆண்டு விழாவில் மாறுவேடப் போட்டி என்றால் நம் எல்லோருக்கும் கொண்டாட்டந்தான். அட்டைக் கிரீடம், ஜிகினாத் தாள், இரவல் சேலை, பிறகு கைதட்டல்! அந்த நினைப்போடுதான் சென்ற விஜயதசமியன்று, வகுப்புத் தோழி ஒருத்தியின் குடும்பத்தாருடன் குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் புறப்பட்டோம். கூடங்குளத்திலிருந்து கடலோரமாகச் சென்று உவரியையும் மணப்பாட்டையும் தாண்டினால் குலசை.

முத்தாரம்மன் கோவிலைச் சுற்றி எங்கும் வேடம். குறவன், குரங்கு, கரடி, ராஜா, பிச்சைக்காரன்! சிரிப்பை அடக்க முடியவில்லை. கனத்த கிரீடமும் கோரைப் பல்லுமாய்க் காளி வேடமிட்ட ஒருவர் வந்தபோது, எங்களில் ஒருத்தி அவர் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டினாள்.

"ஏ பிள்ளைகளா, தள்ளி நில்லுங்க! நாப்பத்தோரு நாள் விரதம் இருந்து வாராரு" என்று தோழியின் தாயார் அதட்டினார்கள்.

பிறகு அவர்களே விளக்கினார்கள். நோய் தீரவும் குறை நீங்கவும் நேர்ந்துகொண்டவர்கள், காப்புக் கட்டி, வேடமணிந்து, வீடு வீடாகக் காணிக்கை பெற்று, அதைக் கோவில் உண்டியலில் சேர்ப்பார்கள். வசதியுள்ளவர்களும் பிச்சைக்காரன் வேடத்தில் கையேந்துவார்களாம். தம்மை அறிந்த தெருவிலேயே கையேந்துவது எளிதா? சாம்பல் புதனன்று நெற்றியை நீட்டுவதைவிட இது கடினம் என்றே எங்களுக்குத் தோன்றியது. (சிஸ்டர்கள் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம்!)

"நம் பிள்ளைகள் அங்கே போகலாமா?" என்று சில வீடுகளில் கேட்டார்கள். "போனால் என்ன, வேடிக்கைதானே!" என்றார்கள் வேறு சிலர். இந்த இரண்டாவது பேச்சுத்தான் எங்களை அதிகம் உறுத்துகிறது. பிற சமயங்களிலுள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே அறிவித்துவிட்டது. உவரி அந்தோணியாரிடம் மெழுகுதிரியோடு வரும் இந்துச் சகோதரிகளை யாராவது வேடிக்கைப் பொருளாக்கினால் நாம் பொறுப்போமா? கும்பிடாமல் இருப்பது நம் விசுவாசம். ஆனால் கும்பிடுகிறவர் முன் பல்லிளிப்பதை எந்த விசுவாசத்தில் சேர்ப்பது?

குங்குமம் நீட்டியபோது கையில் வாங்கித் தோழியிடம் கொடுத்துவிட்டோம். அது சரியா, தவறா என்று திரும்பும் வழியெல்லாம் இரண்டு கட்சியாகி வாதாடினோம். வழக்கு இன்னும் முடியவில்லை.

நள்ளிரவில் கடற்கரையில் மகிஷாசுரன் யானைத் தலை, சிங்கத் தலை என்று மாறி மாறி வந்து, கடைசியில் அம்மனின் சூலத்துக்குச் சாய்ந்தான். கூட்டம் கலைகையில், பகலில் கண்ட அதே காளி வேடக்காரர் கிரீடத்தை மடியில் வைத்து மணலில் அமர்ந்திருந்தார். நெற்றியில் கிரீடம் அழுத்திய தடம் சிவந்திருந்தது. தோழியின் தாயார் தண்ணீர்ச் செம்பை எங்கள் கையில்தான் கொடுத்து அனுப்பினார்கள்.