பார வண்டியின் டயர்: விலையை நோக்கியா, பாரத்தை நோக்கியா?

தமிழ்நாட்டுக் கிராமங்களில் டிராக்டரானது உழவுக்கென்றே வாங்கப்படினும், ஆண்டில் பல நாட்கள் அது வண்டி மாட்டின் வேலையையே செய்து வருகிறது. வயலுக்கு எரு அடித்தல், நெல் மூட்டைகளைக் கொள்முதல் நிலையத்திற்குக் கொண்டு செல்லுதல், கரும்பை ஆலையிற் சேர்த்தல் முதலிய காரியங்கள் யாவும் அதன் பின்னால் பூட்டப்பெறும் டிரெயிலரினாலேயே நடைபெறுகின்றன. அவ்வளவு பாரத்தையும் தரையின்மீது தாங்கி நிற்பவை டயர்களே. ஆயினும், டிராக்டர் வாங்குங்கால் அதன் குதிரைத் திறனையும், டீசல் செலவையும், கடன் தவணையையும் பல நாள் ஆராய்ந்து பார்க்கும் விவசாயி, டிரெயிலருக்கு டயர் வாங்குங்கால் மட்டும் விலை ஒன்றையே கேட்டு முடிவு செய்துவிடுகிறார். பார வண்டிக்கு டயரைத் தெரிந்தெடுக்க வேண்டிய அளவுகோல் அது தாங்க வேண்டிய பாரமேயன்றி விலையன்று என்பதும், லாரிக்காரர் வேண்டாமென்று கழித்த டயரை டிரெயிலருக்குப் பூட்டும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் இங்கு வற்புறுத்தப்படும் கருத்துக்களாம்.

காற்றடைத்த டயரின் வரலாறு விவசாயிகளுக்கு ஒரு நல்ல பாடம் கற்பிக்கின்றது. 1888-ம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்னும் கால்நடை வைத்தியர் காற்றடைத்த டயரை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பின்னும் வெகுகாலம் டிராக்டர்கள் இரும்புச் சக்கரங்களோடேயே ஓடின. 1932-ம் ஆண்டில்தான் அமெரிக்காவில் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனியார் காற்று டயர் பூட்டிய டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். தமிழ்நாட்டிலும் இரும்புப் பட்டையடித்த கட்டை வண்டி போய் டயர் வண்டி வந்தபோது, அதே ஜோடி மாடுகள் முன்னைவிட அதிக பாரத்தை எளிதாக இழுத்ததைப் பெரியோர் அறிவர். இந்த அனுகூலத்திற்குக் காரணம் ரப்பர் மட்டுமன்று. உள்ளே அடைபட்டிருக்கும் காற்றேயாம். பாரத்தைத் தாங்குவது காற்று. அக்காற்றைச் சிதறவிடாமற் பிடித்து நிறுத்துவதே டயரின் தொழில். எத்தனை அழுத்தமுள்ள காற்றை ஒரு டயர் பிடித்து நிறுத்த வல்லதோ, அத்தனை பாரமே அதன்மேல் ஏற்றத் தக்கது. டயர் சம்பந்தமான விதிகள் யாவும் இந்த ஓர் உண்மையினின்றே பிறக்கின்றன.

ஆகவே, டயர் வாங்கப் புறப்படுமுன் அறிய வேண்டுவது பாரத்தின் அளவு. இதை உத்தேசமாக மதிப்பிடுதல் கூடாது. டிரெயிலரை வெறுமையாக ஒரு முறையும், வழக்கமாக ஏற்றும் சரக்கோடு ஒரு முறையும் எடை மேடையில் நிறுத்தி எடுத்த சீட்டு, ஆயிரம் யோசனைகளுக்குச் சமானமாகும். உதாரணமாக, 40 கிலோ கொண்ட நெல் மூட்டைகள் 100 ஏற்றினால் சரக்கு மட்டும் 4,000 கிலோ ஆகின்றது. டிரெயிலரின் வெற்றெடை 1,000 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 5,000 கிலோ. நான்கு சக்கர டிரெயிலரானால் டயர் ஒன்றுக்கு 1,250 கிலோ வரும். இரண்டு சக்கர டிரெயிலரானால் பாரத்தில் ஒரு பகுதி டிராக்டரின் கொக்கியில் இறங்குமெனினும், ஜாக்கிரதையை முன்னிட்டு டயர் ஒன்றுக்கு 2,500 கிலோ எனவே கணக்கிட வேண்டும். பாரம் எல்லாச் சக்கரங்களுக்கும் எப்போதும் சமமாகப் பகிரப்படுவதில்லை. வாய்க்கால் மதகில் ஏறும்போதும், சாய்ந்த வண்டிப்பாதையிற் செல்லும்போதும் ஒரு பக்கத்து டயர் மற்றதன் சுமையையும் சேர்த்துச் சுமக்கிறது. ஆதலால் கணக்கில் வந்த அளவுக்குமேல் ஐந்திலொரு பங்கு கூட்டிக்கொள்ளுதல் விவேகம். முற்கூறிய நான்கு சக்கர டிரெயிலருக்கு, டயர் ஒன்று 1,500 கிலோ தாங்குவதாக இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, டயரின் பக்கச் சுவரில் வார்க்கப்பட்டிருக்கும் எழுத்துக்களைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அவை பத்திரத்தின் வாசகம் போன்றவை. படியாமற் கையெழுத்திடுவோர் பின்னர் வருந்த நேரிடும். 13.6-28 என்றிருந்தால் டயரின் அகலம் சுமார் 13.6 அங்குலம், அது பொருந்தும் ரிம்மின் குறுக்களவு 28 அங்குலம் என்று பொருள். பி.ஆர். என்னும் குறியோடு வரும் எண் டயரின் உறுதியைக் காட்டுவது. முற்காலத்தில் அது உள்ளே வைத்த பருத்தி நூலடுக்குகளின் எண்ணிக்கையாகவே இருந்தது. இப்பொழுது நைலானும் எஃகும் வந்துவிட்டபடியால், 16 பி.ஆர். என்றால் பதினாறு அடுக்கு இருக்கிறது என்பதன்று. அத்தனை அடுக்குக்குரிய வலிமை உண்டு என்பதே அதன் கருத்து. ஒரே அளவுள்ள டயர் பல பி.ஆர். எண்களில் விற்கப்படுவதால், அளவை மட்டும் சொல்லி வாங்குவோர் ஏமாற இடமுண்டு.

பல டயர்களில் பாரக் குறியெண் என்ற ஓர் எண்ணும் அதையடுத்து ஓர் எழுத்தும் காணப்படும். 116 என்றால் 1,250 கிலோ, 122 என்றால் 1,500 கிலோ, 140 என்றால் 2,500 கிலோ. எழுத்தானது வேகத்தின் எல்லை: ஏ6 என்பது மணிக்கு 30 கிலோமீட்டர், ஏ8 என்பது 40, பி என்பது 50. குறித்த பாரத்தைக் குறித்த வேகத்திற்கு உட்பட்டும், குறித்த காற்றழுத்தத்தோடும் மாத்திரமே டயர் தாங்கும். தயாரித்த காலம் நான்கு இலக்கங்களாற் குறிக்கப்படும். 1824 என்றிருந்தால் அது 2024-ம் ஆண்டின் பதினெட்டாம் வாரத்தில் வார்க்கப்பட்டதென்று அறியலாம். ரப்பர் ஓடாமற் கிடந்தாலும் மூப்படையும் பொருளாகையால், புதிதெனக் காட்டப்படும் டயரையும் இந்த எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும்.

இனி, கழித்த லாரி டயரின் சங்கதி. அதற்கு ஆதரவாகக் கூறப்படும் நியாயங்கள் முற்றும் புறக்கணிக்கத் தக்கவையல்ல. டிரெயிலர் ஓடுவது ஆண்டில் சில மாதங்களே. அதன் வேகமோ லாரியின் வேகத்திற் பாதிகூட இல்லை. புது டயர்கள் நான்கின் விலை சிறு விவசாயிக்குப் பெருஞ்சுமை. இவையெல்லாம் உண்மையே. லாரி டயர் என்பதனாலேயே அது டிரெயிலருக்கு ஆகாததும் அன்று. உறுதி குன்றாத லாரி டயர் தார்ச் சாலையில் ஓடும் டிரெயிலருக்கு மிகவும் ஏற்றது. ஆனால் லாரிக்காரர் ஒரு டயரைக் கழிப்பதற்குக் காரணம் என்னவென்று ஆராய்தல் வேண்டும். மேற்புறம் தேய்ந்தது மட்டும் காரணமாயின், அதற்குப் புதிய ரப்பர் ஒட்டி ரீட்ரெட் செய்து அவரே ஓட்டிக்கொள்வார். அதற்கும் தகாது என்று தள்ளப்பட்ட டயரில், உள்ளிருக்கும் நூலடுக்கோ, பக்கச் சுவரோ, ரிம்மைப் பிடிக்கும் கம்பி விளிம்போ பழுதுற்றிருத்தல் பெரும்பாலும் நிச்சயம். வேகம் குறைவு என்பதால் அப்பழுது ஆறிவிடுவதில்லை. லாரியிற் சுமந்த அளவுக்குக் குறையாத பாரத்தை டிரெயிலரிலும் அது சுமக்க நேரிடுகிறது. மேலும், ஓடும் மாதங்கள் சிலவேயாயினும் அவை அறுவடை மாதங்களே. மழை மேகம் திரண்டு நிற்க, நெல் ஏற்றிய டிரெயிலர் நடுவழியில் டயர் வெடித்துச் சாய்ந்துவிட்டால், டயரில் மிச்சம் பிடித்த தொகை ஒரே மாலையில் நனைந்து போகும்.

பொருள் நஷ்டத்தைப் பின்னர் ஈடு செய்துகொள்ளலாம். உயிர் நஷ்டத்தை ஈடு செய்ய வழியில்லை. சரக்கு டிரெயிலரில் ஆட்களை ஏற்றுவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆயினும் நடவுக்கும் அறுப்புக்கும் செல்லும் பெண்மக்களும், மூட்டை இறக்கும் கூலியாட்களும் அதன்மேல் அமர்ந்து செல்வதை எவரும் எவ்வூரிலும் காணலாம். வண்டி கவிழுங்கால் முதலில் விழுபவர், டயரை வாங்கியவரல்லர், அவர்களே. பிறர் உயிரைச் சுமக்கும் பொருளில் சிக்கனம் பார்க்கும் உரிமை நிலச் சொந்தக்காரருக்கு உண்டா என்பது சிந்திக்கத் தக்கது. புது டயருக்கு வசதியில்லாதவர் செய்யத்தக்க நேர்மையான காரியம் ஒன்று உளது: இருக்கும் டயர் தாங்கும் அளவுக்குப் பாரத்தைக் குறைத்து, நூறு மூட்டையை இரண்டு நடையாக அடிப்பதே அது. ஒரு நடை டீசல் கூடுதலாகும், அவ்வளவே.

டிராக்டரின் பின் டயர்களையும் இக்கணக்கினின்று நீக்கலாகாது. பல டிரெயிலர்களுக்குப் பிரேக் இல்லாமையால், இறக்கத்தில் பின்னின்று தள்ளும் பாரம் முழுவதையும் நிறுத்தும் வேலை டிராக்டரின் டயர்களையே சார்கிறது. பட்டன் தேய்ந்து மொட்டையான டயர் சேற்றில் வழுக்குவது போலவே ஈரச் சாலையிலும் வழுக்கும். அப்போது டிரெயிலரானது டிராக்டரைப் பக்கவாட்டில் மடக்கித் தள்ளிவிடும். வயல் வேலைக்கும் சாலை வேலைக்கும் பட்டனின் உயரம் வேறுபடும் என்பதையும் கவனிக்க வேண்டும். சேற்று நெல் வயலுக்கென்று செய்யப்படும் உயர்ந்த பட்டன் டயர் சேற்றில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் தார்ச் சாலையில் பட்டனின் நுனி மட்டுமே தரையைத் தொடுவதால் விரைவில் தேய்ந்துவிடும். பெரும்பாலும் சாலையிலேயே பாரம் இழுக்கும் டிராக்டருக்குச் சாதாரண உயரமுள்ள பட்டனே லாபகரமானது. எவ்வகையாயினும், ஒரே அச்சில் இருபுறமும் ஒரே அளவும், ஒரே அமைப்பும், ஏறக்குறைய ஒரே தேய்மானமும் உடைய டயர்களே இருத்தல் வேண்டும். குறுக்கு நூலடுக்கு டயரையும் ரேடியல் டயரையும் ஓரச்சிற் கலப்பது கூடாது.

டிராக்டரை விடுத்துச் சிறு பிக்கப் வண்டியிற் காய்கறி ஏற்றுவோர் இப்பொழுது பெருகி வருகின்றனர். அவர்களுக்கும் இதே விதி. ரிம்மிற்குப் பொருந்துகிறது என்பதற்காகக் கார் டயரைப் பிக்கப் வண்டிக்குப் பூட்டுதல் தவறு. எல்.டி. என்ற குறியுள்ள டயர்கள் இலகுரகச் சரக்கு வண்டிகளுக்கென்றே உறுதியாகச் செய்யப்படுபவை. அவ்வண்டியின் பின்னால் டிரெயிலர் இழுக்க எண்ணுவோர், வண்டிக் கம்பெனியார் அதற்கு இடமளித்துள்ளனரா என்பதை முதலில் அறிந்து, டிரெயிலரின் முன்பாரம் பின் டயர்களில் இறங்குவதையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

நல்ல டயர் வாங்கியும் காற்றைக் கவனியாதவர் பாதிப் பயனையே பெறுவர். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. அதனால் உள்ளே வெப்பம் பிறந்து, ரப்பர் நூலடுக்கை விட்டுப் பிரிந்து, முடிவில் டயர் வெடிக்கிறது. சித்திரை வைகாசி மாதங்களின் தார்ச் சாலையில் இது இன்னும் விரைவில் நேரும். டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில், கையால் தட்டிப் பாராமல், காற்று கேஜ் கொண்டே அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரிற் கூடியிருக்கும் அழுத்தத்தைக் கண்டு காற்றை இறக்குதல் பிழை.

காற்றழுத்தம் நிலத்தையும் பாதிக்கின்றது. டிராக்டரின் பின் டயருக்கு வயலில் சதுர அங்குலத்திற்கு 12 முதல் 16 பவுண்டு வரை போதும். டிரெயிலரின் லாரி டயருக்கோ 100 பவுண்டை ஒட்டியும் அதற்கு மேலும் தேவைப்படும். டயர் மேல்மண்ணை அழுத்தும் வலு ஏறக்குறைய அதன் காற்றழுத்தத்தையே ஒத்திருப்பதால், நிறை பாரத்தோடு ஈர வயலில் இறங்கும் டிரெயிலர் மண்ணை இறுக்கிவிடுகிறது. அச்சின் மொத்த பாரம் அடிமண்ணையும் இறுக்குகிறது. இறுகிய மண்ணில் வேரும் இறங்காது, நீரும் இறங்காது. டிரெயிலரை வரப்போரத்திலோ களத்திலோ நிறுத்திக் கட்டுகளைச் சுமந்துவந்து ஏற்றுதல், பழைய வழக்கமாயினும் அறிவுக்கு ஒத்ததே.

கிராம நிர்வாக அலுவலர்களும், ஊராட்சித் தலைவர்களும், கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளும் இவ்விஷயத்திற் செய்யக்கூடியது உண்டு. சங்கங்கள் வாடகைக்கு விடும் டிராக்டர், டிரெயிலர்களில் ஏற்றத்தக்க பாரத்தின் அளவைப் பெரிய எழுத்தில் எழுதிவைக்கலாம். அறுவடை தொடங்குமுன் ஒரு நாளைக் குறித்து, ஊரிலுள்ள டிரெயிலர்களின் டயர்களைப் பார்வையிட ஏற்பாடு செய்யலாம். ஒரு காற்று கேஜ் சங்கத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கலாம். பள்ளங்களில் உள்ள தேய்மானக் குறிக்கட்டை 1.6 மில்லிமீட்டர் உயரமுடையது. மேற்புறம் அதனோடு சமமாகிவிட்ட டயரைச் சாலைக்கு அனுப்பலாகாது என்று ஊரார் கூடி ஒரு கட்டுப்பாடு செய்துகொண்டால், அது எந்த உத்தரவையும்விட வலிவுள்ளதாகும்.

நல்ல விதையைத் தெரிந்தெடுப்பவர் அதன் விலையை மட்டும் பார்ப்பதில்லை. அது தரும் விளைச்சலைப் பார்க்கிறார். உழவு மாடு வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். அவ்விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் டயருக்கும் அதே ஆராய்ச்சி வேண்டும். வரும் அறுவடைக்கு முன் ஒவ்வொரு விவசாயியும் தம் டிரெயிலரை ஒரு முறை எடை மேடையில் ஏற்றி, அதன் டயர்களில் எழுதியுள்ளதை ஒரு முறை படித்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பாராக. அவ்விரண்டும் ஒவ்வாவிடில், டயரையாவது மாற்ற வேண்டும், பாரத்தையாவது குறைக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.