திரையில் ஐந்து நாள், கடலில் நான்கு ஆண்டு

கொல்லிமலையின் எடப்புளி நாட்டில் வளரும் மாணவர் ஒருவர் கடலைக் காண விரும்பினால், எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் மலையிறங்கி, சமவெளியையும் கடந்து செல்ல வேண்டும். ஆயினும், கப்பலைக் கண்டிராத அவருக்கும் கடற்கொள்ளையரைத் தெரியும்; திரைப்படம் காட்டியிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வழியற்றவருக்குத் திரையே சாட்சி. அச்சாட்சியை எவ்வளவு நம்பலாம்?

2013இல் வெளிவந்த 'கேப்டன் பிலிப்ஸ்' என்னும் ஆங்கிலப்படம், 2009 ஏப்ரல் 8 அன்று சோமாலியாவுக்கு அப்பால் 'மேர்ஸ்க் அலபாமா' என்ற சரக்குக் கப்பலில் கொள்ளையர் நால்வர் ஏறிய நிகழ்வைச் சொல்கிறது. சிறு விரைவுப்படகு, கப்பலின் பக்கவாட்டில் மாட்டப்படும் ஏணி, எந்திர அறையில் ஒளியும் ஊழியர் ஆகிய காட்சிகள் உண்மையை ஒட்டியவை. கப்பல் தலைவரை வீரராகக் காட்டியதை மட்டும் ஊழியர் சிலர் ஏற்கவில்லை. எச்சரிக்கையை மீறிக் கரைக்கு அருகே கப்பலைச் செலுத்தினார் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. ஐந்தாம் நாள் அமெரிக்கக் கடற்படையினர் கொள்ளையர் மூவரைச் சுட்டுக்கொன்று தலைவரை மீட்டனர்.

காட்சிகளைவிடத் தேர்வில்தான் குறை பெரிது. வல்லரசு ஒன்று சில நாள்களிலேயே மீட்ட நிகழ்வு படமாகிறது. எவரும் விரைந்து வராத கப்பல்கள் படமாவது அரிது.

'அஸ்பால்ட் வெஞ்சர்' அத்தகைய கப்பல். தார் ஏற்றிச் செல்லும் அக்கப்பல், 2010 செப்டம்பரில் மொம்பாசாவிலிருந்து டர்பனுக்குச் செல்லும் வழியில் கடத்தப்பட்டது. அதிலிருந்த பதினைவரும் இந்தியர். 2011 ஏப்ரலில் மீட்புப்பணம் தரப்பட்டது. திரைக்கதையாயின் அங்கே முடிந்திருக்கும். கொள்ளையரோ கப்பலையும் எண்மரையும் விட்டுவிட்டு, எஞ்சிய எழுவரைக் கரைக்குக் கொண்டு சென்றனர். இந்தியக் கடற்படை சிறைபிடித்த தம் கூட்டாளிகளை விடுவித்தால்தான் இவர்களை விடுவோம் என்றனர். பணத்திற்காகத் தொடங்கிய கடத்தல், இரு நாட்டுச் சிறைகளுக்கு இடையிலான பேரமாயிற்று. துப்பாக்கிச் சண்டையை விரும்பும் திரை, இத்தகைய காத்திருப்பின்முன் பொறுமையிழக்கிறது.

விதிவிலக்கும் உண்டு. 2012இல் வந்த 'கப்ரிங்கன்' என்னும் டேனியப்படம், கப்பலின் சமையற்காரரையும் மாதக்கணக்கில் நீளும் தொலைபேசிப் பேரத்தையும் மையமாகக் கொண்டது. முன்னர் உண்மையாகவே கடத்தப்பட்ட ஒரு கப்பலிலேயே படமாக்கப்பட்டது. கப்பல் பிடிபடும் காட்சியே அதில் இல்லை. ஆயினும், கடத்தல் என்றால் என்ன என்பதை மற்றப் படங்களைவிட அதுவே நேர்மையாகச் சொல்கிறது.

வீரச்செயல்கள் பொய்யென்பதன்று. 2024 மார்ச்சில் இந்தியக் கடற்படையினர் விமானத்திலிருந்து கடலில் குதித்து, 'ருவென்' கப்பலின் 17 மாலுமிகளை மீட்டனர். 35 கொள்ளையர் சரணடைந்தனர். திரைக்கு உகந்த காட்சிதான். அதற்குமுன் அம்மாலுமிகள் மூன்று மாதங்கள் பிணையாக இருந்தனர் என்பதையும் அப்படம் சொல்ல வேண்டும்.

அஸ்பால்ட் வெஞ்சரின் எழுவர் விடுதலை பெற்றது 2014 அக்டோபர் இறுதியில். மேர்ஸ்க் அலபாமா நிகழ்வு படமாகித் திரையரங்குகளுக்கு வந்து அப்போது ஓராண்டு கடந்திருந்தது.