ஆற்றங்கரை பொதுவுடைமையாகட்டும்

2025 ஜனவரி முதல் ஜொகூரின் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியதால், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் தகப்பனாருக்கும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கும் ஞாயிறன்றும் ஒருசேர ஓய்வு வாய்த்திருக்கிறது. அந்த ஓய்வைக் காசு செலவின்றிக் குடும்பத்தோடு காற்றாட இருந்து கழிக்க லாயாங் லாயாங் போன்ற சிற்றூர்களில் இடம் எங்கே என்பதே நம் கேள்வி.

தோட்டத்தில் வாழ்ந்த நாளில் கோயில் திடலும் பந்துத் திடலும் எல்லோருக்கும் பொதுவாயிருந்தன. லயத்தை விட்டு மலிவுவிலை வீட்டுக்குக் குடிபெயர்ந்தவனுக்கோ பொதுவிடம் வாசற்படியோடு முடிந்துபோயிற்று. செம்பனைக் காடுகள் சூழ்ந்த இவ்வட்டாரத்தில், விலைக்கு வாங்க வேண்டாத பொதுநிலமாக எஞ்சியிருப்பது ஆற்றங்கரை ஒன்றே. இருபது முதல் நாற்பது மீட்டர் அகலமுள்ள ஆற்றுக்கு இரு கரையிலும் நாற்பது மீட்டர் ஒதுக்க வேண்டுமென்று வடிகால் நீர்ப்பாசன இலாகாவே வழிகாட்டியிருக்கிறது. அந்த ஒதுக்கீட்டைத் தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்கீழ் பொதுப் பூங்காவென்று அரசிதழில் பிரசுரிக்க மாநில அரசு முன்வர வேண்டும். சிம்பாங் ரெங்கம் மாவட்ட மன்றம் அதை வற்புறுத்த வேண்டும். அலங்கார வளைவும் வர்ண விளக்கும் பிறகு வரலாம். பிரசுரம் செய்யாத பூங்கா, அடுத்த மேம்பாட்டுத் திட்டம் வரும்வரைதான் பூங்கா.

வெள்ளம் வரும் நிலத்தில் பூங்கா எதற்கு என்று ஆட்சேபிப்போர் உண்டு. 2023 மார்ச் வெள்ளத்தில் ஜொகூர் பட்ட பாட்டை நாமும் மறக்கவில்லை. ஆயினும் வெள்ளம் ஏறும் நிலத்தில் வீடு கட்டினால் பெருநஷ்டம். புல்தரையும் நிழல்மரமும் நடைபாதையும் இருந்தாலோ, நீர் வடிந்ததும் சேற்றை வழித்துவிட்டு மறுபடி உபயோகிக்கலாம். ஆற்றில் இறங்குவோரின் பாதுகாப்புக்கு எச்சரிக்கைப் பலகையும் உயிர்காப்பு மிதவையும் வைக்கப் பெரும் நிதி வேண்டியதில்லை.

ஜனங்கள் நடமாடும் கரையே காவலுள்ள கரை. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கள்ளத்தனமாகக் கொட்டியதால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்று, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. மாலைதோறும் மக்கள் உலாவும் கரையில் அத்தகைய அக்கிரமம் எளிதில் நடவாது.

நமக்கும் கடமையுண்டு. சாப்பிட்ட பொட்டலத்தை மரவேர் இடுக்கில் செருகிவிட்டுப் போகிறவர், அடுத்த வாரம் அதே நீரில் தம் பிள்ளை குளிக்கும்போது, எலியையும் எலிக்காய்ச்சலையும் தாமே அழைத்து வைத்தவராகிறார். மன்றம் தொட்டி வைத்து நாள்தோறும் குப்பையை அப்புறப்படுத்தட்டும். அதற்குப் பின்னும் குப்பை போடுகிறவருக்குத் தயவின்றி அபராதம் விதிக்கட்டும். எல்லாவற்றுக்கும் முதற்படி அரசிதழ் அறிவிப்பே. அடுத்த வரவு செலவுத் திட்டம் வரை அதை ஒத்திப்போட நியாயமான காரணம் எதுவும் இல்லை.