பொய்ச் சாவும் மெய்ச் சாவும்

இறந்தவன் இறக்கவில்லை என்று இறுதிக் காட்சியில் காட்டிவிட்டால் படம் வென்றுவிடும் என நம்பும் இயக்குநர்கள் ஒருபுறம்; அத்திருப்பத்தைக் கண்டவுடன், "இது நடக்கக் கூடியதா? மேலைநாட்டுச் சரக்கு!" என்று எள்ளி நகையாடும் நம் சுவைஞர்கள் மறுபுறம். திருவனந்தபுரத்தில் வாழும் தமிழராகிய நாம் இவ்விரு சாராரோடும் மாறுபடுகிறோம். நம் நகருக்கு வடக்கே சில மணி நேரப் பயணத்தொலைவில், 1984ஆம் ஆண்டில் நிகழ்ந்த கொலையொன்று இரு கூற்றையும் பொய்யாக்கியது.

சுகுமாரக் குறுப்பு வழக்கைக் கேரளத்தில் அறியாதார் இலர். அவ்வாண்டு ஜனவரி 22 விடியலில், மாவேலிக்கரையை அடுத்த வயலொன்றில் அம்பாசிடர் கார் ஒன்று எரிந்து கிடந்தது. உள்ளே கரிந்த உடல். அபுதாபியில் பணியாற்றிய குறுப்பு விடுமுறையில் வந்தவிடத்து விபத்தில் மாண்டார் என ஊர் நம்ப வேண்டும். காப்பீட்டுப் பணம் கைக்கு வர வேண்டும். திட்டம் அதுவே.

இதில் வியப்பு என்னவெனில், அவர் முன்னரே ஒருமுறை "இறந்தவர்" என்பதுதான்! விமானப் படையிலிருந்து விடுப்பின்றி நீங்கியவர், காவலர் ஒருவருக்குக் கையூட்டுக் கொடுத்துத் தாம் இறந்துவிட்டதாக அறிக்கை எழுதச் செய்து, கோபாலகிருஷ்ணன் என்ற பழம்பெயரைக் களைந்து புதுப் பெயரில் கடல் கடந்தார் என்பது வழக்கின் வரலாறு. தாளில் சாவது நம் நாட்டில் அத்துணை எளிது. உத்தரப் பிரதேசத்து ஆசம்கட் மாவட்டத்து லால் பிகாரியை நிலத்துக்காக உறவினரே பதிவேட்டில் சாகடித்தனர். தாம் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க அவர் 1994 வரை, ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் போராடினார்; தம் பெயரோடு 'இறந்தவர்' என்னும் பொருள்படும் 'மிருதக்' என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டார். இதையெல்லாம் அறிந்த பின்னும் மேலைநாட்டுச் சரக்கு என்பாரை நோக்கி நாம் என் சொல்வது?

ஆயின் இயக்குநர்கள் மகிழ்ந்துவிட வேண்டா. தாளில் சாவது எளிது. உடலோடு சாவது அரிது. உயிரோடு தீயில் அகப்பட்டவன் மூச்சை இழுப்பான்; புகைக்கரி மூச்சுக்குழலில் படியும். மாவேலிக்கரை உடலில் அக்கரி இல்லை. எரியுமுன்பே இறந்த உடல் அது என்பது பிணக்கூறாய்விலேயே புலப்பட்டுவிட்டது. திட்டம் விரைவில் நொறுங்கியது, பணம் வரவில்லை, உடந்தையாயிருந்தோர் தண்டனை பெற்றனர். குறுப்பு மட்டும் தப்பியோடினார், இன்றளவும் அகப்படவில்லை.

பழங்காலக் கதை என்று சொல்லிவிட்டால் எதையும் நம்ப வைக்கலாம் என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும். அக்காலத்தில் கைப்பேசி இல்லை. தெருத்தோறும் கண்காணிப்புக் கருவி இல்லை. மரபணுவால் ஆளை அடையாளங்காணும் முறையை லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டறிந்ததே அவ்வாண்டு செப்டம்பரில்தான். அவை ஒன்றும் இல்லாமலே பொய் வெளிப்பட்டது. நம் 'புதிய பறவை' (1964) படத்தில் மாண்ட மனைவி திரும்பி வந்து நின்றபோது கொட்டகை திகைத்தது; ஆனால் வந்தவள் யார், ஏன் வந்தாள், எவர் அனுப்பினர் என்ற கணக்கைப் படம் முடியுமுன் ஒழுங்காகத் தீர்த்துவிட்டனர். இன்றைய இயக்குநர்கள் பலருக்கு அந்தக் கணக்குத்தான் கசக்கிறது.

அக்கணக்கில் முதல் வரவு ஒன்றுண்டு: பெட்டிக்குள் கிடக்கும் பிணம் யாருடையது? கரோல் ரீடின் 'தி தேர்டு மேன்' (1949) வியன்னாவில் ஹாரி லைமின் கல்லறையைத் தோண்டச் செய்து, உள்ளே கிடப்பவன் ஹார்பின் என்னும் மருத்துவமனை ஊழியன் என்று பெயர் சொல்லிற்று. அந்த ஒரு பெயரால் சூழ்ச்சி கொலையாயிற்று.

மாவேலிக்கரைப் பிணத்துக்கும் பெயர் உண்டு. சாக்கோ. ஆலப்புழைக்காரர், திரைப்படப் பிரதிநிதி, ஆம், நாம் பேசும் இதே தொழிலில் பிழைத்தவர்! அரிப்பாட்டுக்கு அருகே நெடுஞ்சாலையில் இரவில் வண்டிக்காக நின்றார். வீட்டில் கருவுற்ற மனைவி. காரில் ஏற்றிக்கொண்டவர்களே கொன்றனர். குறுப்பின் ஆடையை உடுத்திக் கொளுத்தினர். உயரத்தில் குறுப்பை ஒத்திருந்ததே அவர் செய்த பிழை.

இக்கதையை 2021இல் 'குருப்' என்ற பெயரில் பெரும்பொருட் செலவில் எடுத்தனர்; தமிழிலும் பேச வைத்தனர். அக்காலத்துத் தெருவும் உடையும் காரும் அச்சாக அமைந்தன, மறுப்பதற்கில்லை. வெளிவருமுன் சாக்கோவின் குடும்பத்தார் எதிர்த்தனர்; படத்தைக் கண்டபின் நிறைவு கொண்டனர் என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். எனினும் நம் குறை நீங்கவில்லை. சாக்கோ அங்கே சார்லி என்னும் வேற்றுப் பெயரில் சிறிது நேரம் வந்து மறைகிறார்; குறுப்போ அயல்நாட்டில் அலெக்சாண்டராக மிடுக்கோடு நடக்கிறார். பணம் கிட்டாமல் ஓடியவனை மதிநுட்பம் மிக்கவனாக்கிய இவ்விடத்திலன்றோ நம்பத்தகாமை தொடங்குகிறது! இந்நகர்வாசியான அடூர் கோபாலகிருஷ்ணன் அவ்வழக்கின் நிழல் படியும் 'பின்னெயும்' (2016) படத்தில், பேராசை ஒரு வீட்டை எப்படித் தின்றது என்பதையே பார்த்தார். மிடுக்குக்கு அங்கே இடமில்லை.

கொட்டகை வேலை முடித்து வீடு திரும்ப நெடுஞ்சாலையில் நின்றவரிடமிருந்து எவரேனும் ஒரு படத்தைத் தொடங்கட்டும். திருப்பம் எதுவும் வேண்டா. குடும்பத்தோடு சீட்டு வாங்க நாம் ஆயத்தம்.