மலையில் மழை பெய்தால் கீழே சொல்ல வேண்டாமா?

பழைய குற்றாலத்தில் 2024 மே 17 அன்று திடீர் வெள்ளம் வந்து, பதினேழு வயதுப் பையனைக் கொண்டுபோனதை நாம் மறக்கவில்லை. மலைமேல் பெய்யும் மழை கீழே குளிப்பவனுக்குத் தெரியாது. தெரிந்தவர் சொன்னால்தான் உண்டு.

போன வருஷம் 'இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும்' என்று எனக்கு ஒரு போலிச் செய்தி வந்தது. அதில் இருந்த லிங்க்கைத் தொட்டு, ஓடிபி கேட்கும் வரை போய்த்தான் சுதாரித்தேன். வெட்கத்தில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பத்து நாள் கழித்து அதே செய்தி, கூட நடைப்பயிற்சிக்கு வரும் நண்பருக்கு வந்தது. அவருடைய பென்ஷன் பணம் போயிற்று. நான் வாயைத் திறந்திருந்தால் போயிருக்காது. அந்த உறுத்தல் இன்னும் இருக்கிறது.

பெரிய இடங்களிலும் இதே வெட்கம்தான். 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பிரிவுக் கம்ப்யூட்டர் ஒன்றில் வேவு மென்பொருள் புகுந்தது. அக்டோபர் 29-இல் நிலையத்தின் தரப்பில் மறுத்தார்கள். மறுநாளே அணுமின் கழகம் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4-ஆம் தேதியே இதைத் தெரிவித்திருந்ததாம்! அணு உலையை இயக்கும் கம்ப்யூட்டர்கள் தனியாக இருந்ததால் பாதிப்பில்லை என்றார்கள்.

இப்படிப்பட்ட விவரங்களைப் பரிமாறவே 'மிஸ்ப்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2011-இல் பெல்ஜியம் ராணுவத்தில் பிறந்தது. மோசடித் தளத்தின் முகவரி, வைரஸ் கோப்பின் அடையாளம் முதலியவற்றை ஒரு நிறுவனம் பதிந்தால், இணைந்துள்ள மற்றவர்களுக்கும் போய்ச் சேரும்.

இதை நிறுவுவதும் இப்போது எளிது. 'கன்டெய்னர்' என்பது நம் டிபன் கேரியர் மாதிரி. மென்பொருள் ஒரு அடுக்கு, தகவல் தளம் ஒரு அடுக்கு. வேண்டியதெல்லாம் உள்ளேயே இருக்கும். எந்தக் கம்ப்யூட்டரிலும் கொண்டுபோய் வைக்கலாம். இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். சேரும் தகவலைக் கன்டெய்னருக்கு வெளியே சேமிக்க வேண்டும். இல்லாவிட்டால் கேரியரைக் கழுவும்போது சோறும் போய்விடும். கூடவே வரும் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்ற வேண்டும்.

மத்தளம்பாறையில் சோஹோ வந்தபின் இந்த வேலை தெரிந்த பிள்ளைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. நம் மாவட்டத்துக் கூட்டுறவு வங்கிகளும் ஆஸ்பத்திரிகளும் கல்லூரிகளும் சேர்ந்து ஒன்று வைத்துக்கொள்ளலாமே? பெயர் கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். பரிமாறுவது திருடனின் தடயத்தைத்தான், வாடிக்கையாளர் கணக்கை அல்ல. யாருக்குக் காட்டுவது என்பதையும் நாமே தீர்மானிக்கலாம்.

நம்மைப் போன்றவர்களுக்கு மென்பொருள் வேண்டாம். ஏமாந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். ஏமாறாமல் தப்பினாலும் பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்டதை நீங்கள் விடாதீர்கள்.