பாஸ்லேன் தளமும் பிழைப்பு வாதமும்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து சுமார் 25 மைல் தொலைவில், நிலத்துக்குள் நீண்டு புகுந்த ஒரு கடற்கழியின் கரையில் பாஸ்லேன் இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு இதுவே தலைமைத் தளம். அணு ஆயுதம் தாங்கும் நான்கு வான்கார்ட் ரக நீர்மூழ்கிகளும் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. 1969-ம் ஆண்டு ஏப்ரல் முதல், இரவென்றும் பகலென்றும் இல்லாமல், அத்தகைய கப்பல் ஒன்றேனும் கடலுக்கடியில் தயார் நிலையில் இருந்து வருகிறது.

இந்தத் தளம் வேண்டாம் என்று ஜனங்கள் சொல்லும் போதெல்லாம், ஆளும் கூட்டத்தார் ஒரு கேள்வியை வீசுகிறார்கள்: "ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் பிழைப்பில் மண்ணைப் போடப் போகிறீர்களா?" இது தொழிலாளியின் பெயரால் கேட்கப்படும் கேள்வி. ஆகவே தொழிலாளியின் பக்கம் நிற்பவர்கள் இதற்கு நேரான பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். வெறும் கோஷத்தோடு நழுவிவிட முடியாது.

தளம் வந்த வரலாறு

இரண்டாவது உலக யுத்தத்தின் போது, 1941-ல், பாஸ்லேனில் ராணுவத் துறைமுகம் ஒன்று கட்டப்பட்டது. யுத்தம் முடிந்ததும் பழைய கப்பல்களை உடைக்கும் தொழில் அங்கே நடந்தது. பிரிட்டனின் கடைசிப் பெரும் போர்க்கப்பலான வான்கார்ட் 1960-ல் உடைபடுவதற்காக வந்து சேர்ந்ததும் இங்கேதான். அதே பெயரைத் தாங்கிய நீர்மூழ்கி பிற்காலத்தில் அணு ஆயுதங்களோடு இதே கரைக்கு வந்தது!

அந்த 1960-ம் ஆண்டு நவம்பரில், பிரதம மந்திரி மாக்மில்லன் பார்லிமெண்டில் ஓர் அறிவிப்புச் செய்தார். பக்கத்திலுள்ள ஹோலி லாக் கடற்கழி அமெரிக்காவின் போலாரிஸ் நீர்மூழ்கிகளுக்கு விடப்படும் என்றார். 1961 மார்ச்சில் அமெரிக்கத் தாய்க்கப்பல் புரோடியஸ் வந்து நங்கூரம் பாய்ச்சியது. ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. ஊர்வலம் போனார்கள்; சின்னஞ்சிறு தோணிகளில் ஏறி அந்தப் பெரிய கப்பலை எதிர்த்துப் போனார்கள்.

1962 டிசம்பரில் மாக்மில்லன், நாசோ நகரில் கென்னடியைச் சந்தித்து, பிரிட்டனுக்கும் போலாரிஸ் ஏவுகணைகளைக் கேட்டுப் பெற்றார். அவற்றைத் தாங்கும் கப்பல்களுக்கு வீடாகப் பாஸ்லேன் தேர்ந்தெடுக்கப்பட்டது. ரெசல்யூஷன் என்ற நீர்மூழ்கி 1968 ஜூனில் முதல் ரோந்துக்குப் புறப்பட்டது. 1994 முதல் போலாரிஸின் இடத்தை ட்ரைடண்ட் பிடித்துக்கொண்டது. கப்பலும் குண்டு முனையும் பிரிட்டனுடையவை. ஏவுகணையோ அமெரிக்காவில் செய்யப்பட்டு, அங்குள்ள கிங்ஸ் பே தளத்தின் பொதுச் சேமிப்பிலிருந்து வருவது. இதற்குப் பெயர் "சுதந்திரமான தற்காப்பு"!

பிழைப்பு வாதம் நிற்குமா?

பாஸ்லேனில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்வது உண்மை. சுற்றுவட்டாரத்தில் கடைக்காரர் முதல் வாடகை வீட்டுக்காரர் வரை அந்தச் சம்பளத்தை நம்பியிருப்பதும் உண்மை. அங்கே உழைப்பவர் நமக்குப் பகைவர் அல்லர். அவருடைய அச்சம் நியாயமானது. ஆனால் ராணுவத் தளம் தரும் வேலை நிலையான வேலைதானா?

ஹோலி லாக்கைப் பாருங்கள். முப்பது ஆண்டுகள் அமெரிக்கத் தளம் அங்கே இருந்தது. கரையிலிருந்த டனூன் நகரத்து வியாபாரம் அதைச் சுற்றியே வளர்ந்தது. 1991-ல் போகிறோம் என்று அறிவித்தார்கள், 1992-ல் போய்விட்டார்கள். வந்தபோதும் டனூன் ஜனங்களைக் கேட்கவில்லை, போனபோதும் கேட்கவில்லை. ஊருக்கு மிஞ்சியது வேலையில்லாத் திண்டாட்டமும், கடலடியில் கிடந்த குப்பையும்தான்.

தொழிலாளியின் வேலையில் சர்க்காருக்கு எவ்வளவு அக்கறை என்பதை அதே கிளைடு நதிக்கரை 1971-ல் கண்டது. அப்பர் கிளைடு கப்பல் கட்டும் நிறுவனம் 60 லட்சம் பவுன் உதவி கேட்டது. ஹீத் சர்க்கார் கைவிரித்தது. 8,000-க்கும் மேற்பட்ட தொழிலாளரின் வேலை ஆபத்துக்குள்ளாயிற்று. அணு நீர்மூழ்கிகளுக்குக் கணக்குப் பாராமல் அள்ளிக் கொடுத்த கஜானாவில், வியாபாரக் கப்பல் கட்டுபவனுக்குப் பணம் இல்லையாம்! ஜிம்மி ரீட், ஜிம்மி ஏர்லி முதலிய கம்யூனிஸ்டுத் தொழிலாளர்களின் தலைமையில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை; வேலையை நிறுத்த மறுத்தார்கள். பட்டறைகளைத் தாங்களே நடத்தினார்கள். 1972 பிப்ரவரியில் சர்க்கார் இறங்கி வந்து 3.5 கோடி பவுன் கொடுத்தது. வேலையைக் காப்பாற்றியது எந்த ஏவுகணையும் அல்ல, தொழிலாளியின் ஒற்றுமையே.

வேறு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கும் பிரிட்டிஷ் தொழிலாளர்களே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். ராணுவ விமானங்களுக்கு உறுப்புகள் செய்துவந்த லூகாஸ் ஏரோஸ்பேஸ் கம்பெனியின் தொழிற்சங்கப் பிரதிநிதிகள், 1976-ல் ஒரு திட்டம் வெளியிட்டார்கள். தங்கள் கைத்திறனையும் யந்திரங்களையும் கொண்டு செய்யக்கூடிய சுமார் 150 பயனுள்ள பொருள்களை அதில் பட்டியலிட்டார்கள். சிறுநீரக நோயாளிகளுக்கான யந்திரம், வீட்டைச் சூடேற்றும் கருவி, சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் வண்டி எல்லாம் அதில் இருந்தன. நிர்வாகம் ஏற்க மறுத்தது. திறமை இல்லாமலா மறுத்தது? உற்பத்தியை யார் தீர்மானிப்பது என்ற உரிமையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் மறுத்தது.

பணமும் ஆபத்தும்

2016 ஜூலையில் புதிய அணு நீர்மூழ்கிகள் கட்டுவதற்கு பார்லிமெண்ட் 472-க்கு 117 என்ற வாக்கில் சம்மதம் தந்தது. ஸ்காட்லாந்தின் 59 உறுப்பினர்களில் 58 பேர் எதிர்த்து வாக்களித்தும் பயனில்லை. நான்கு கப்பல்களுக்கு அன்று சொன்ன மதிப்பு 3,100 கோடி பவுன்; அதற்கு மேல் 1,000 கோடி ஒதுக்கி வைத்தார்கள். இத்தனை பணத்தில் எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை வியாபாரக் கப்பல்!

ஆபத்து மட்டும் உள்ளூர்க்காரருக்கு. பக்கத்துக் கழிக்கரையிலுள்ள கூல்போர்ட்டில்தான் குண்டு முனைகள் வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே பழுதான குழாய்கள் வெடித்து, 2019-ல் கதிரியக்கம் கலந்த நீர் கடலில் சேர்ந்த செய்தி, பத்திரிகைகள் பல ஆண்டுகள் போராடிய பிறகு 2025-ல்தான் வெளிவந்தது. அளவு குறைவு, உடல்நலத்துக்குக் கேடில்லை என்கிறார்கள் அதிகாரிகள். அப்படியானால் ஏன் இத்தனை ஆண்டுகள் மறைக்கவேண்டும்?

1982 ஜூனில் பாஸ்லேன் வாசலருகே சமாதான முகாம் ஒன்று அமைந்தது. நாற்பது ஆண்டுகள் கடந்தும் அது கலைந்துவிடவில்லை. ஸ்காட்லாந்துத் தொழிற்சங்கக் காங்கிரசும் நெடுங்காலமாக ட்ரைடண்டை எதிர்த்து வருகிறது. அதேசமயம், தளத்தில் உறுப்பினர்களைக் கொண்ட சங்கங்கள், மாற்று வேலை உறுதியாகாமல் எதையும் கைவிட முடியாது என்கின்றன. இந்த இரண்டு குரலையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்க ஆள்வோர் விரும்புகிறார்கள். இரண்டையும் ஒரே கோரிக்கையாக இணைக்க வேண்டும்: அணு ஆயுதம் அகலவேண்டும், ஒரு தொழிலாளி கூட வேலை இழக்கக் கூடாது, அதே சம்பளத்தில் மாற்றுத் தொழிலை சர்க்கார் முன்கூட்டியே தொடங்கவேண்டும், அதைத் திட்டமிடுவதில் தொழிலாளருக்கு இடம் வேண்டும்.

சர்வநாச ஆயுதத்துக்குக் காவல் காத்தால்தான் கூலி கிடைக்கும் என்ற நிலை இயற்கையாக வந்ததல்ல. மந்திரி சபைகள் எடுத்த முடிவுகளால் வந்தது. வேறு முடிவுகளை எடுக்க வைக்கும் பலம் கிளைடு நதிக்கரைத் தொழிலாளருக்கு உண்டு. 1971-லேயே அதைக் காட்டியவர்கள் அவர்கள்.